அண்ணாமலைநகர்: வாசலில் கேட்காத கேள்வி

ரயில் பாதைக்கு மேற்கே நடராசர் கோயிலும் தேரோடும் வீதிகளும், கிழக்கே அண்ணாமலைநகர். சிதம்பரத்துக்காரர்களுக்கு ஊர் என்றால் இந்த இரண்டும்தான். மேற்கே சாமி, கிழக்கே சம்பளம். கிழக்கே சம்பளத் தேதி தள்ளிப்போனால் மேற்கே கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிடும். வாத்தியார், கிளார்க், ஆய்வக உதவியாளர், விடுதிச் சமையல்காரர் என்று வீட்டுக்கு ஒருவராவது பல்கலைக்கழகத்தில் இருந்த தெருக்கள் அங்கே உண்டு.

தமிழ்நாட்டில் உயர்கல்வி ஆசிரியரின் நிலை எப்படி மாறியது என்று பார்க்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. யாரைத் தகுதியானவர் என்று வேலைக்கு எடுத்தார்கள், யாரைத் தகுதியில்லை என்று வெளியே அனுப்பினார்கள், எந்த ஊர்க் கல்லூரியை எந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள், எதற்காகச் சேர்த்தார்கள் என்ற எல்லாக் கேள்விகளும் அந்த ஒரே வளாகத்துக்குள் வந்து போயிருக்கின்றன.

ஆள் பார்த்து அழைத்த காலம்

1920-ல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் தமிழுக்கு ஒன்று, வடமொழிக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று கல்லூரிகள் கூடின. இவற்றையெல்லாம் ஒன்றாக்கி, 1928-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, 1929-ல் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆக, இந்த நிறுவனத்தின் பிறப்பே ஓர் இணைப்பில்தான் நடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த கல்லூரிகளை ஒரே வளாகத்தில் சேர்த்து, மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அமைத்தார்கள். வெளியூர்க் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் வேலை அதற்கு இல்லை. தன் மாணவருக்குத் தன் ஆசிரியரே பாடம் சொல்லித் தன் வளாகத்திலேயே பட்டம் கொடுக்கும் ஏற்பாடு அது.

அங்கே யார் பாடம் சொன்னார்கள் என்று பாருங்கள். பல்கலைக்கழகம் ஆவதற்கு முன்பே, 1924 முதல் 1927 வரை, மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதும், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததும், பதிப்பித்த நூல்களுமே அவருடைய தகுதி. பல்கலைக்கழகம் வந்ததும் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்புக்கு மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவிலிருந்து சுவாமி விபுலாநந்தர் 1931-ல் வந்தார். அவரிடம் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் இருந்தது, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் இருந்தது. அவருக்குப் பின் வந்த சோமசுந்தர பாரதியார் வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் சிறு வயதில் சில மாதங்கள் திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்ததோடு சரி. மற்றதெல்லாம் தானே தேடிக்கொண்ட கல்வி. பிற்காலச் சோழர் வரலாற்றை எழுதிய சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கல்வெட்டுகளைப் படித்து அவர் எழுதிய கட்டுரைகள்தான் அவரை அண்ணாமலைநகருக்குக் கொண்டுவந்தன. இசைக் கல்லூரியில் டைகர் வரதாச்சாரியார் இருந்தார். பிற்காலத்தில் தண்டபாணி தேசிகர் இருந்தார்.

இன்றைய விதிப்படி இவர்களில் பலருடைய விண்ணப்பம் முதல் சரிபார்ப்பிலேயே தள்ளுபடியாகும். இதைச் சொல்லி அந்தக் காலத்தைக் கொண்டாடிவிட்டுப் போவது எளிது. ஆனால் அன்று தகுதியை எடைபோட்டது ஒரு சிலருடைய கண். அந்தக் கண் நல்ல கண்ணாக இருந்ததால் நல்லவர்கள் வந்தார்கள். அதன் பார்வைக்கு எட்டாத இடத்தில் இருந்தவர்களுக்கு வழி இல்லை. அதே சிதம்பரத்தில், அதே காலத்தில், சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி நடத்தி ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போய்ப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார, ஆள் பார்த்து அழைக்கும் முறையில் இடம் ஏது? விளம்பரம், விண்ணப்பம், இடஒதுக்கீடு, எழுத்தில் உள்ள தகுதி ஆகியவற்றைக் கேட்டுப் பெற்றதற்குக் காரணம் உண்டு. வள்ளலின் கருணையை எதிர்பார்த்து நிற்காமல் உரிமையோடு உள்ளே வர அவை வேண்டியிருந்தன.

இன்னொன்றும் உண்டு. நிறுவனரும் அவருடைய வாரிசுகளும் இணைவேந்தராக இருக்கும்படி 1928-ன் சட்டம் வகுத்திருந்தது. அண்ணாமலைச் செட்டியார், முத்தையாச் செட்டியார், எம்.ஏ.எம். ராமசாமி என்று மூன்று தலைமுறை. பெரிய குடும்பம், பெரிய கொடை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நியமன அதிகாரம் ஒரு வீட்டோடு இப்படி நெருங்கியிருந்தால், அந்த வீட்டின் கண் மங்கும்போது கேட்க வெளியே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஏப்ரலில் நீக்கம், ஜூனில் நியமனம்

அண்ணாமலைநகருக்கு வெளியே, தமிழ்நாட்டின் தனியார் கல்லூரிகளில், அன்றைய ஆசிரியர் நிலை இன்னும் மோசம். கோடை விடுமுறைக்கு முன் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். கல்லூரி திறக்கும்போது மறுபடி எடுப்பார்கள். இரண்டு மாதச் சம்பளம் நிர்வாகத்துக்கு மிச்சம். கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கையில் வாங்குவது இன்னொரு தொகை. எதிர்த்துப் பேசியவருக்கு ஜூனில் கடிதம் வராது. காரணம் கேட்க எந்த அலுவலகமும் இல்லை.

இதை மாற்றியது ஆசிரியர்களின் சங்கங்கள். சென்னைப் பக்கம் ஏ.யு.டி., தெற்கே மூட்டா. வேலைநிறுத்தம், மறியல், சிறை என்று அவர்கள் நடத்திய போராட்டங்களின் பயன்தான் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1976. ஓர் ஆசிரியரை நீக்கவோ பதவி இறக்கவோ வேண்டுமென்றால் உரிய அரசு அதிகாரியின் முன்அனுமதி வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. உதவிபெறும் கல்லூரி ஆசிரியரின் சம்பளம் நிர்வாகத்தின் கைக்குப் போகாமல் அரசிடமிருந்து நேராக வரும் ஏற்பாடும் அந்தப் போராட்டங்களோடு சேர்ந்து வந்தது.

அந்த ஒரு விதி வகுப்பறையை எப்படி மாற்றியது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். தாளாளரின் மகன் பரீட்சையில் தேறாவிட்டால் தேறவில்லை என்று எழுத ஆசிரியருக்குத் துணிவு வந்தது. மாணவர் பக்கம் நின்று பேச முடிந்தது. புத்தகம் வாங்க, ஆய்வு செய்ய, வீட்டுக் கடன் கேட்க, அடுத்த ஆண்டும் இங்கேதான் இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும். 1976-க்குப் பின் வந்த ஒரு தலைமுறை ஆசிரியர்களுக்கு அது கிடைத்தது. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் இலக்கியக் கூட்டம், அறிவியல் இயக்கம், எழுத்தறிவு இயக்கம் என்று எதை எடுத்தாலும் முன்வரிசையில் கல்லூரி வாத்தியார்கள் நின்றார்களே, அந்தத் தைரியத்துக்கு இந்தப் பணிப் பாதுகாப்பும் ஒரு காரணம்.

வீக்கமும் வெடிப்பும்

அண்ணாமலைநகரில் வேறு கதை நடந்தது. 1979-ல் அங்கே தொலைதூரக் கல்வி தொடங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது உண்மையான வரம். பஸ் கண்டக்டரும், தபால்காரரும், கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்திய பெண்ணும் வீட்டிலிருந்தே பட்டம் வாங்கினார்கள். நாடு முழுக்கப் படிப்பு மையங்கள் பரவின, பணம் குவிந்தது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், வேளாண்மை என்று வளாகமும் விரிந்தது. பணம் வந்த வேகத்தில் ஆள் எடுப்பதும் பெருகியது. கடைசியில் ஆசிரியரும் ஊழியருமாக 12,000 பேருக்கு மேல் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு துறைக்கு எத்தனை பேர் தேவை, எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர், இந்தப் பாடத்துக்கு இந்தப் பட்டம் போதுமா என்ற சாதாரணக் கேள்விகளை அந்த ஆண்டுகளில் வாசலில் நின்று யாரும் கேட்கவில்லை.

2012 இறுதியில் கணக்கு கையை மீறியது. சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு எழுந்ததும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள், வளாகம் முடங்கியது. 2013 ஏப்ரலில் அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக அனுப்பியது. அதே ஆண்டு புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குடும்பத்தின் பெயரோடும் பிடியோடும் இருந்த நிறுவனம் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. நிதிச் சீர்கேடு, தேவைக்கு மேல் ஆட்கள் என்று அரசு சொன்ன இரண்டு காரணங்களும் உண்மை.

அரசு செய்ததில் ஒரு நல்லது உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரே உத்தரவில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. மிகை ஊழியர் என்று கணக்கெடுத்துப் பணி நிரவல் செய்தார்கள். ஆசிரியர்கள் அயற்பணியில் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் போனார்கள். அலுவலர்கள் பல மாவட்டங்களில் பல அரசுத் துறைகளுக்குப் போனார்கள். குடும்பம் சிதம்பரத்தில், வேலை வேறெங்கோ என்ற வாழ்க்கை தொடங்கியது. ஆனாலும் அடுப்பு எரிந்தது.

அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அண்ணாமலையிலிருந்து போனவர் எந்தக் காலியிடத்தில் உட்கார்ந்தாரோ, அந்த இடத்துக்காக நெட் எனும் தகுதித் தேர்வில் தேறி, பிஎச்.டி. முடித்து, வயது ஏறக் காத்திருந்தவர் ஒருவர் இருந்தார். அங்கே ஏற்கெனவே கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவரும் ஒருவர் இருந்தார். ஒரு வளாகத்தில் நடந்த தவற்றின் சுமை மாநிலம் முழுக்க உள்ள இளைஞர்களின் தோளில் பகிர்ந்து ஏற்றப்பட்டது. அயற்பணிக்குப் போனவரும் வந்த இடத்தில் வேண்டா விருந்தாளி போல் நின்றார். மாணவரிடம் அவர் ஆசிரியர். பதிவேட்டில் அவர் வேறொரு நிறுவனத்தின் உபரி.

நகர்ந்துகொண்டே இருந்த கோடு

தகுதி என்ற விஷயத்துக்கு வருகிறேன். நெட் தேர்வு 1989-ல் தொடங்கியது. 1991-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அதை விரிவுரையாளர் வேலைக்கு வேண்டிய தகுதியாக்கியது. பிறகு தொடங்கியது விலக்குகளின் வரலாறு. எம்.ஃபில். இருந்தால் நெட் வேண்டாம் என்றார்கள், வேண்டும் என்றார்கள். 2006-ல், இளநிலை வகுப்புக்கு எம்.ஃபில். போதும், முதுநிலை வகுப்புக்கு பிஎச்.டி. போதும் என்றார்கள். 2009-ல் எம்.ஃபில். விலக்கு போனது; பிஎச்.டி.யும் அந்த ஆண்டின் புதிய நெறிமுறைப்படி வாங்கியிருந்தால்தான் நெட்டிலிருந்து விலக்கு என்றார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 2018 விதிகள், பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயம் என்றன. அந்தக் கட்டாயம் 2021 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வரவேண்டியது, 2023-க்குத் தள்ளிப்போனது. 2023 வந்ததும், நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் இவற்றில் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். எம்.ஃபில். படிப்பையே 2022 விதிகள் நிறுத்திவிட்டன.

இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது பலருக்கு எந்த ஆண்டில் பிறந்தோம் என்பதைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. 2007-ல் எம்.ஃபில். முடித்து வேலைக்குச் சேர்ந்தவரும் 2010-ல் அதே எம்.ஃபில். சான்றிதழோடு வந்து நின்றவரும் ஒரே பாடத்தை ஒரே அளவு படித்தவர்களாக இருக்கலாம். முன்னவர் பேராசிரியர், பின்னவர் தகுதியற்றவர். கடன் வாங்கி எம்.ஃபில். படித்த எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் கையில் இன்று அந்தச் சான்றிதழுக்கு வேலைவாய்ப்பில் எந்த மதிப்பும் இல்லை.

அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கும் இதே கதிதான். மாநில எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று 2013-ல் யு.ஜி.சி. கண்டிப்புக் காட்டியது. 2014-15-க்குப் பின் அங்கே தொலைதூரக் கல்விக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022-ல் வெளிப்படையாக அறிவித்தது. இரண்டு அமைப்புகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் நடந்த இழுபறியை, நடுவில் கட்டணம் கட்டிப் படித்தவர் எப்படி அறிவார்? விண்ணப்பம் வாங்கியபோது எச்சரிக்காமல், பட்டம் வாங்கிய பிறகு அவரை எச்சரித்தார்கள்.

2024 தொடக்கத்தில் அந்த வளாகத்தில் 56 உதவிப் பேராசிரியர்கள், உரிய கல்வித் தகுதி இல்லாமல் நியமிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். எல்லோரும் அரசு ஏற்பதற்கு முன் வேலைக்கு வந்தவர்கள். விவகாரம் உயர் நீதிமன்றப் படியேறியது.

அவர்களில் யாருக்கு என்ன தகுதி இருந்தது என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதில் நான் நுழையவில்லை. தகுதியில்லாத ஒருவர் வகுப்பறையில் நின்றால் நட்டம் மாணவருக்கு. தகுதியோடு வெளியே நின்றவருடைய இடமும் பறிபோயிருக்கிறது. இதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்பது வேறு. நியமனக் கடிதத்தில் ஒரு கையெழுத்து இருந்ததல்லவா? தேர்வுக் குழுவில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா? சான்றிதழைச் சரிபார்த்ததாக ஒருவர் குறிப்பு எழுதியிருப்பார். ஊதிய உயர்வுக்கு ஒருவர், தகுதிகாண் பருவம் முடிந்தது என்று ஒருவர், பதவி நிலை உயர்வுக்கு ஒருவர் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பத்தாண்டுக்கு மேல் வேலை வாங்கி, ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தச் சொல்லி, மதிப்பெண் பட்டியலில் அவர்கள் போட்ட எண்ணை ஏற்றுக்கொண்ட நிறுவனம், ஒரு நாள் காலையில் நீ ஆசிரியரே இல்லை என்கிறது. அத்தனை கையெழுத்துகளில் ஒன்றுக்குக் கூட இந்தக் கணக்குக் கேட்பு நடந்ததாகத் தெரியவில்லையே, ஏன்? தண்டனை எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கே வருவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

பெயர்ப் பலகைகளின் அரசியல்

பல்கலைக்கழகத்தைப் பிரிப்பதும் சேர்ப்பதும் தமிழ்நாட்டில் ஆட்சி மாற்றத்தோடு சேர்ந்தே நடந்திருக்கிறது. திமுக ஆட்சியில் அண்ணா பல்கலைக்கழகம் பிரிந்தது. திருச்சி, கோவை, திருநெல்வேலி, மதுரை என்று ஊருக்கொரு அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியது. 2012-ல் எல்லாம் மறுபடி சென்னையோடு சேர்ந்தன.

அண்ணாமலைநகருக்கு இதன் அடுத்த சுற்று 2021-ல் வந்தது. வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தை அதிமுக அரசு தன் ஆட்சியின் கடைசி மாதங்களில் அமைத்தது. மே மாதம் ஆட்சி மாறியது. நிதியும் கட்டடமும் இல்லாமல் பெயரளவில் தொடங்கப்பட்டது என்று சொல்லி, ஆகஸ்ட் 31 அன்று அமைச்சர் பொன்முடி அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதிமுகவினர் வெளிநடப்பு செய்து சாலையில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். தலைவியின் பெயரை அழிக்கும் வேலை என்றது ஒரு தரப்பு; நிர்வாகத் தேவை என்றது மறு தரப்பு.

வேலூர் வரை அலைய வேண்டியிருந்த விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாணவரின் குறை உண்மையானது. ஒரு சான்றிதழ் வாங்க ஒரு பகலைப் பஸ்ஸில் கழித்தவர்களுக்கு அருகில் ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. ஆனால் அந்தச் சட்டமன்ற விவாதத்தின் சூடெல்லாம் பெயரைச் சுற்றியே எரிந்தது. மாணவரின் குறையைத் தீர்க்க எத்தனை ஆசிரியர் வேண்டும், எத்தனை பணியிடம் நிரப்பப்படும், தேர்வுத் துறைக்கு எத்தனை ஆள், தேர்வு முடிவு எத்தனை நாளில் வரும் என்பவை அந்தச் சூட்டில் காணாமல் போயின.

இணைப்பின் விளைவு பெரியது. தன் வளாகத்து மாணவரை மட்டுமே பார்த்துவந்த பல்கலைக்கழகம், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டங்களின் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்து, வினாத்தாள் அனுப்பி, அங்கீகாரம் கொடுக்கும் பல்கலைக்கழகமாக மாறியது. 1929-ல் எந்த எண்ணத்தோடு அது கட்டப்பட்டதோ அந்த எண்ணமே மாறிவிட்டது. அந்த மாற்றத்தைத் தாங்க வேண்டியவர்கள், பலர் அயற்பணிக்குப் போனபின் எஞ்சியிருந்த துறைகள். ஓய்வு பெற்றவர்கள் தங்களுக்கு வரவேண்டிய பலன்களுக்காக வாசலில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த அதே காலம் அது.

1920-களில் நடந்த இணைப்பும் 2021-ல் நடந்த இணைப்பும் சட்டத்தின் மொழியில் ஒரே மாதிரி தெரியலாம். முன்னதில், கல்லூரிகளைச் சேர்ப்பதற்கு முன் அவற்றில் பாடம் சொல்லத்தக்க ஆட்களைத் தேடினார்கள். பின்னதில் கோப்புகள் வந்து சேர்ந்தன, ஆட்கள் வரவில்லை.

மறுபடியும் ஏப்ரல்

1976-ல் ஒழித்ததாக நினைத்த ஏப்ரல் நீக்கம் இன்று அரசுக் கல்லூரிக்குள்ளேயே வேறு பெயரில் வாழ்கிறது. தமிழ்நாட்டின் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை பார்க்கிறார்கள். ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான் சம்பளம். மே மாதம் இல்லை. மாதம் 15,000 ரூபாயாக இருந்த தொகுப்பூதியம் 20,000 ஆகி, பிறகு 25,000 ஆனது. யு.ஜி.சி. 2019-லேயே வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அவர்களில் பலரிடம் நெட் உண்டு, பிஎச்.டி. உண்டு. அதாவது, தகுதியில்லை என்று சொல்லி நீக்கும் அதே அரசு அமைப்பு, தகுதி உள்ளவரைத் தற்காலிகமாகவே வைத்திருக்கிறது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் விளம்பரம் செய்தது. தேர்வு தள்ளித் தள்ளிப் போனது. காத்திருந்தவர்களுக்கு வயது மட்டும் தள்ளிப் போகவில்லை.

சுயநிதிக் கல்லூரிகளில் நிலை இன்னும் கசப்பானது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள 224 பொறியியல் கல்லூரிகளில், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்ட 353 பேர் அதில் இருந்தார்கள். சான்றிதழ் எல்லாம் சரி; ஆளைத்தான் வகுப்பில் காணோம். அண்ணாமலைநகரில் ஆள் இருந்தார், உரிய சான்றிதழ் இல்லை என்றார்கள். இங்கே சான்றிதழ் இருந்தது, ஆள் இல்லை. அங்கீகாரம் கொடுக்கப் போன ஆய்வுக் குழு ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்: இந்த ஆசிரியர் நேற்று எந்த வகுப்பில் பாடம் எடுத்தார்? அந்த வகுப்பு மாணவர் நாலு பேரைக் கேட்டால் பதில் கிடைத்திருக்கும்.

சங்கங்கள் இன்னும் இருக்கின்றன என்பது ஆறுதல். 2025 அக்டோபரில், தனியார் பல்கலைக்கழகம் அமைக்கத் தேவையான நிலத்தின் அளவைக் குறைத்து, இருக்கும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி திறந்த திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. உதவிபெறும் கல்லூரிகளும் அந்த வழியில் போய்விட்டால் 1976-ன் பாதுகாப்பும் கட்டண வரம்பும் இடஒதுக்கீடும் என்ன ஆகும் என்று ஆசிரியர் சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் கேட்டன. சில நாட்களிலேயே அமைச்சர் கோவி. செழியன் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கேள்வி உரிய நேரத்தில் எழுந்தால் சட்டமும் நின்று கேட்கும் என்பதற்கு இது அண்மைச் சான்று.

எந்த நேரத்தில் கேட்பது

அன்றைய முறை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வர முடியாது, வரவும் கூடாது. ஒரு வள்ளலின் கண்ணை நம்பி ஒரு தலைமுறைக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அதே ஏற்பாட்டை நம்பிய பிந்திய தலைமுறைக்குக் கிடைத்தது வீங்கிய சம்பளப் பட்டியலும் பூட்டிய வகுப்பறையும். எழுத்தில் உள்ள தகுதி வேண்டும், விளம்பரம் வேண்டும், இடஒதுக்கீடு வேண்டும்.

ஆனால் தகுதி என்பது வேலைக்கு எடுக்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி. அன்று கண்டிப்பாகக் கேளுங்கள். யார் விண்ணப்பித்தார், யாருக்கு எத்தனை மதிப்பெண், தேர்வுக் குழுவில் யார் இருந்தார் என்பதைப் பொதுவில் வையுங்கள். எந்த விதியின் கீழ் எடுத்தோம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். பிறகு விதி மாறினால் அது அடுத்து வருபவருக்கு. பிழை நடந்திருந்தால் எடுத்தவரிடமும் கணக்குக் கேளுங்கள். இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ப்பதற்கு முன், சேர்ந்த பிறகு எத்தனை நிரந்தர ஆசிரியர் இருப்பார் என்ற எண்ணை மசோதாவோடு சட்டமன்றத்தில் வையுங்கள். அந்த எண் இல்லாத மசோதாவை, எந்தத் தலைவர் பெயரில் வந்தாலும், எல்லாக் கட்சி உறுப்பினரும் திருப்பி அனுப்ப வேண்டும்.

இவை எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. தேவைப்படுவது வாசலில் நின்று கேட்கும் நேர்மை. கேட்காமல் விட்டதன் விலையை அண்ணாமலைநகர் பத்தாண்டுக்கு மேலாகக் கட்டிவருகிறது: அயற்பணியில் பிரிந்த குடும்பங்களாக, நடுவயதில் வேலை இழந்தவர்களாக, செல்லாத பட்டத்தோடு நிற்கும் மாணவர்களாக. நாளை பணியிடம் நிரப்பும்போதாவது அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள். அப்போதுதான் உள்ளே வந்த ஆசிரியரை, பயமில்லாமல் பாடம் நடத்து என்று நிம்மதியாக விட முடியும்.